எண்பத்தெட்டாவது காட்சியின் காலண்டர்

ஜூன் 3, திங்கள்

சீரியல் வேலைக்கென்று வாங்கிய நோட்டு இது. முதல் பக்கத்திலேயே சொந்தக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதித் தொலைத்தால்தான் அடங்கும் போலிருக்கிறது.

காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனைத் திறந்தேன். யூனிட் குரூப்பில் யாரோ ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். 'மீண்டும் புதன்கிழமை: கடைசிக் காட்சியின் ரகசியம்.' ஜெரால்டு என்று ஒரு பையன் நாற்பத்தொரு நிமிடம் பேசுகிறான். பார்த்துக்கொண்டே நின்றதில் பாதிப் பால் அடுப்புக்குப் போயிற்று.

அது நான் உதவி இயக்குநராக வேலை பார்த்த முதல் படம். பத்து வருடம் ஆகிறது. கன்டினியூட்டி என் பொறுப்பு. முந்தின ஷாட்டில் நாயகனின் சட்டைப் பொத்தான் திறந்திருந்தால் அடுத்ததிலும் திறந்திருக்கிறதா, டம்ளரில் காபி அதே அளவு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் குறித்துவைக்கிற வேலை. படம் ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் எங்கள் போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். இப்போது ஓடிடியில் வந்த பிறகு பிள்ளைகள் தலையில் வைத்துக் கூத்தாடுகிறார்கள்.

கதை இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெக்கானிக் பரந்தாமனின் மனைவி லாரியில் அடிபட்டுச் சாகிறாள். மூடிக் கிடக்கும் மில்லில் இருக்கும் பழைய லிஃப்டில் ஏறி அவன் காலத்தில் பின்னால் போய் அவளைக் காப்பாற்றிவிடுகிறான். கடைசிக் காட்சி எண்பத்தெட்டு. மறுநாள் புதன்கிழமை காலை. அவள் காபி கொண்டுவந்து கொடுக்கிறாள், அவன் சிரிக்கிறான், கேமரா மெல்லப் பின்னால் நகர்கிறது. சுபம்.

ஜெரால்டு அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, சுவரைப் பெரிதாக்கிக் காட்டுகிறான். தினசரிக் காலண்டர். அக்டோபர் 14, செவ்வாய்.

"ஃப்ரெண்ட்ஸ், அவன் தப்பிக்கவே இல்ல! இன்னும் செவ்வாய்க்கிழமைதான்! சாயங்காலம் அவ சாகப்போறா, அது அவனுக்குத் தெரியல, நமக்கு மட்டும்தான் தெரியுது! டைரக்டர் மூளையப் பாருங்கய்யா!"

மிச்சப் பாலில் போட்ட காபி எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அடேய், அது மூளையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது என் தப்பு.

ஜூன் 4, செவ்வாய்

வீடியோவை இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். அடுப்பைக் கழற்றித் தேய்த்துக் கழுவினேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று சீரியலில் மாமியார் நடிகைக்குப் பல்வலி, ஷூட்டிங் ரத்து. அந்தக் கடைசிக் காட்சியை நானே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாற்பத்தொரு நிமிடம் பேசுகிறவனுக்குக் கண்ணில் படாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

டீப்பாய் மேல் கிடக்கிற செய்தித்தாளில் புதன்கிழமை இணைப்பின் ஓரம் தெரிகிறது. அதைத் தேடி வாங்க மதுரையில் மூன்று கடை ஏறினேன். பரந்தாமனின் கட்டைவிரல் பிளாஸ்திரியின் ஓரம் அழுக்கேறியிருக்கிறது. முந்தின நாள் ஒட்டியது என்று தெரிய வேண்டுமென்று நான்தான் மை தடவினேன். அவள் தலையில் பூ இல்லை. முதல் நாள் வைத்த பூ வாடி ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. அவன் தாடையில் ஒருநாள் தாடி. அத்தனையும் புதன்கிழமை, அப்பட்டமான புதன்கிழமை. காலண்டர் மட்டும் செவ்வாய்.

எப்படி நடந்தது என்றால், பன்னிரண்டாவது காட்சியில் பரந்தாமன் திங்கட்கிழமைத் தாளைக் கிழிப்பான், அடியில் செவ்வாய் தெரியும். ரீடேக் போனால் கிழித்ததை ஒட்டவைக்க முடியாது. அதனால் ஒரே மாதிரிக் காலண்டர் பன்னிரண்டு வாங்கினோம். நாங்கள் எடுத்தது பிப்ரவரியில், கதை நடப்பது அக்டோபரில். பன்னிரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு ஜனவரி ஒன்றிலிருந்து கிழித்தவள் நான். லாட்ஜ் அறை முழுக்க ராகுகாலமும் எமகண்டமுமாகக் குவிந்து கிடந்தது. கடைசிக் காட்சிக்காக இரண்டில் மட்டும் புதன் தெரிகிற வரைக்கும் கிழித்து, கலந்துவிடக் கூடாதென்று ஆணித் துளையில் சிவப்பு நூல் கட்டிவைத்தேன்.

அன்றைக்கு நூல் கட்டாததை, பன்னிரண்டாவது காட்சியில் அவன் திங்களைக் கிழித்து முடித்த ஒன்றை, எடுத்து மாட்டிவிட்டேன். அவ்வளவுதான். இதில் காலமும் இல்லை, பயணமும் இல்லை.

அன்றைக்குக் கொஞ்சம் வேறு யோசனை.

ஜூன் 9, ஞாயிறு

அந்தப் படத்தை எடுத்த இளம்பரிதி சார் பேட்டி கொடுத்திருக்கிறார். இப்போது அவர் பெரிய இயக்குநர், நாற்காலியே சிம்மாசனம் மாதிரி இருக்கிறது. அவர் சொன்னதை வரி மாறாமல் எழுதுகிறேன். பழக்கதோஷம்.

"அந்தக் காலண்டருக்காக மூணு மாசம் நான் தூங்கல. யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு ஷாட்டுல என் அசிஸ்டென்ட் பொண்ணு ஒண்ணு ஓடி வந்து, 'சார், தேதி தப்பா இருக்கு, கிழிச்சிரட்டுமா'ன்னு கேட்டுச்சு. 'கிழிக்காதம்மா, ஒருநாள் உலகத்துக்குப் புரியும்'னு சொன்னேன்."

பொண்ணு ஒண்ணு! நான் ஓடவும் இல்லை, கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. வாயில் வந்த கெட்ட வார்த்தையை இங்கே எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன், அது போதும்.

சாயங்காலம் ஊரிலிருந்து, சங்கரன்கோவிலிலிருந்து, என் அக்கா கோமதி போன் செய்தாள். அவளும் பேட்டியைப் பார்த்திருக்கிறாள்.

"ஏட்டி, அந்தாளு சொல்லுத பொண்ணு நீயா?"

"நானாத்தான் இருக்கும்."

"அது அந்த மதுரை வீட்டுல எடுத்த படந்தான? பஸ் பஞ்சராயி நீ லேட்டா வந்தியே, அன்னைக்கு எடுத்ததா?"

அடுப்பில் குழம்பு இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். குழம்பெல்லாம் ஒன்றும் இல்லை.

ஜூன் 12, புதன்

தனபால் அண்ணன் கூப்பிட்டார். அப்போதும் இப்போதும் அவர்தான் சாருக்கு இணை இயக்குநர். "செல்வி, சார் உன்னப் பாக்கணுங்கிறாரு. நல்ல விஷயந்தான், வெள்ளிக்கிழமை ஆபீஸ் வந்துரு" என்றார்.

என் பெயர் ஆவுடையம்மாள். வாய்க்குள் நுழையவில்லை என்று முதல்நாளே சார் செல்வியாக்கிவிட்டார். டைட்டிலிலும் செல்விதான், இரண்டு விநாடி.

ஜூன் 14, வெள்ளி

போனேன். வளசரவாக்கத்தில் மூன்று மாடி ஆபீஸ். வரவேற்பறையில் அந்தக் காலண்டரைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்! செவ்வாய்க்கிழமைக்குக் கண்ணாடி, அதன் மேல் குட்டி விளக்கு. தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.

சார் செருப்புகூடப் போடாமல் வெளியே வந்து அழைத்துப் போனார். நான் எட்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு அலையும் திரைக்கதை அவர் மேஜையில் இருந்தது, தனபால் அண்ணனிடம் எப்போதோ கொடுத்தது. பெண் கண்டக்டரைப் பற்றிய கதை. அப்பா பஸ் டிரைவர் என்பதால் எனக்கு அந்த உலகம் தெரியும்.

"முழுசாப் படிச்சேம்மா. இன்டர்வெல்ல அவ விசில் ஊதாம நிக்கிறா பாரு, அந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ படிச்சேன். நான் புரொட்யூஸ் பண்றேன், டைரக்‌ஷன் நீ. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சிரலாம்."

உண்மையிலேயே படித்திருக்கிறார். அதுதான் சிக்கல். படிக்காமல் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

"இருபத்தாறாம் தேதி ரீ-ரிலீஸ் ஃபங்ஷன். நீ மேடைக்கு வரணும். அந்த கன்டினியூட்டி நோட்ட இன்னும் வச்சிருக்கியாமே, அதையும் கொண்டா. 'ஆமா, சார் கிழிக்க வேணாம்னு சொன்னாரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. நெட்ல நாலு பேரு சந்தேகப்பட்டு எழுதுறானுங்க, வாய மூடிருவானுங்க."

"நீங்க அப்படிச் சொல்லலியே சார்."

"சொல்லியிருப்பேன்மா. பத்து வருஷம் ஆச்சு, யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"அன்னைக்கு வேற எதாவது ஞாபகம் இருக்கா சார்?"

கண்ணை மூடி யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். "மதுரை. பொசுக்குற வெயில். ஏழு டேக் போச்சு. ஹீரோ காபியக் கொட்டிட்டான். வேற என்ன?"

"ஒண்ணும் இல்ல சார்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் தனபால் அண்ணன் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 15, சனி

முட்டைக்கோஸ், உப்பு, பாத்திரம் தேய்க்கிற நார். எனக்கு முப்பத்தொன்பது வயது. இன்னொரு ஆகஸ்ட் இப்படி வராது.

ஜூன் 18, செவ்வாய்

பழைய கன்டினியூட்டி நோட்டை எடுத்தேன். சூட்கேஸின் அடியில், பாலித்தீன் கவருக்குள் இருந்தது. பத்து வருடமாக அதைத் திறக்கவில்லை.

காட்சி 88. செய்தித்தாள் புதன். பிளாஸ்திரி இடது கட்டைவிரல். டம்ளரில் முக்கால் அளவு காபி. காலண்டர் 15 புதன், சிவப்பு நூல். எல்லாம் முந்தின நாளே அச்சடித்த மாதிரி எழுதிவைத்த என் கையெழுத்து. அதற்குக் கீழே, டேக் வரிசையில், வேறு யாரோ எழுதிய மாதிரி ஒரு கோணல் கையெழுத்து. டேக் 1, 2, 3. நாலாவதில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பக்கத்தின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவேன். இந்தப் பக்கத்தில் மட்டும் போடவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். காலண்டர் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது நாற்பதுக்கு அக்காவிடமிருந்து போன். விடியற்காலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கையில் கிடைத்ததை எடுத்து ஆணியில் மாட்டினேன். தனபால் அண்ணனிடம் சொன்னேன், அவர் சாரிடம் கூட்டிப்போனார்.

"ஐயோ, என்னம்மா இது" என்றார் சார். தோளைத் தட்டினார். "லைட் போயிடும்மா. நீ இல்லாம கன்டினியூட்டி யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு ஷாட். முடிச்சிட்டுக் கார்லயே போயிரு."

ஒரே ஷாட் ஏழு டேக் ஆனது. கார் நாயகனை லாட்ஜில் விடப் போய்விட்டது.

ஏழு டேக்கும் அந்தச் சுவருக்கு எதிரேதான் நின்றேன். காலண்டரை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு. அதில் என்ன தேதி இருந்தது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜூன் 20, வியாழன்

அக்காவிடம் பட விஷயத்தைச் சொல்லி யோசனை கேட்டேன். சந்தோஷத்தில் கத்தியே விட்டாள்.

"சரின்னு சொல்லிருட்டி! ஒரு காலண்டருக்குப் போயி யாராச்சும் வாழ்க்கையக் கெடுத்துக்கிடுவாவளா? ஏம் மவ படம் எடுப்பா எடுப்பான்னு அப்பா டெப்போ பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாவ."

"பொய் சொல்லணும்க்கா."

"பெரிய பொய்யி! நீ சொல்லாத பொய்யா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். பேச்சோடு பேச்சாக அவளே தொடர்ந்தாள். "அன்னைக்கு மாமாவெல்லாம் அப்பாவ எடுக்க நேரம் ஆவுது ஆவுதுன்னு பறந்தாவ. நாந்தான் வாசல்ல நின்னுக்கிட்டு, சின்னவ பத்து மணிக்கே பஸ் ஏறிட்டா, இந்தா வந்துருவான்னு நாலு மணி வரைக்கும் பிடிச்சு வச்சேன். பாழாப்போன பஸ்சு. அந்த டிரைவரு நல்லாவே இருக்க மாட்டான்."

நான் வந்து இறங்கும்போது மணி ஐந்தே முக்கால். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

பஸ் பஞ்சராகவில்லை. இதை முதல்முறையாக எழுதுகிறேன். பத்து மணிக்கு, "கிளம்பிட்டேன்க்கா" என்று போனில் சொல்லிவிட்டு, கிளாப் அடிக்கச் சொல்லிக் கை காட்டியவள் நான். ஒன்றேகால் மணிக்கு ஷாட் ஓகே ஆனது. அதற்குப் பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். யாரும் என் காலைக் கட்டிப் போடவில்லை. வேலையில் கெட்டிக்காரி என்ற பெயர் வேண்டுமென்று நானாகத்தான் நின்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். 'ஆமாங்க, சார்தான் கிழிக்க வேணாம்னு சொன்னாரு.' நன்றாகவே வருகிறது. இரண்டாம் தடவை சிரிப்பைக்கூடச் சேர்த்தேன்.

தனபால் அண்ணனிடம் வருவதாகச் சொல்லிவிட்டேன். நீலப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். ஆகஸ்டில் மழை வந்தால் பஸ் காட்சிகளை எங்கே எடுப்பது என்று ஒரு பட்டியல்கூடப் போட்டாயிற்று.

அந்தக் காட்சியை ஓடவிட்டேன். பரந்தாமன் சிரிக்கிறான். மடையன், தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜூன் 26, புதன்

தேதி சரியாகத்தான் போட்டிருக்கிறேன், இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

தியேட்டர் நிறைந்து வழிந்தது. காலேஜ் பிள்ளைகள் பாதிப் பேர் காலண்டர் படம் போட்ட பனியனில் வந்திருந்தார்கள். மேடையில் சார், நான், கேள்வி கேட்க ஜெரால்டு. நேரில் பார்த்தால் ஒல்லியாக, பயந்த பிள்ளையாக இருக்கிறான்.

சார் அதே கதையைச் சொன்னார். தூங்காத மூன்று மாதம் இப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. "அந்தப் பொண்ணு இவங்கதான்" என்று என் பக்கம் கையை நீட்டினார். கைதட்டல். மைக் என் கைக்கு வந்தது.

ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அப்போது பின்னால் திரையில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். இருபதடி உயரத்தில் நான் மாட்டிய காலண்டர். அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற என்னைத் திரையில் யாரும் பார்க்க முடியாது. ஆனால் அங்கேதான் நிற்கிறேன். ஊரில் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். அதைப் போய், ஆறு மாதம் யோசித்ததாம்!

"சார் எங்கிட்ட அப்படிச் சொல்லலைங்க" என்றேன். "அது தப்பு. நான் பண்ணின தப்பு."

சார் சிரித்தார். "செல்விக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி."

"தன்னடக்கம் இல்ல சார். என் பேரு செல்வியும் இல்ல, ஆவுடையம்மாள். அன்னைக்குக் காலைல எங்க அப்பா இறந்துட்டாரு. உங்ககிட்ட வந்து சொன்னேன். ஒரே ஒரு ஷாட்னீங்க. நானும் நின்னேன். நின்னது என் தப்பு, தப்பான காலண்டர மாட்டினதும் என் தப்பு. அப்பா முகத்தப் பாக்காம நான் சம்பாதிச்சது அது ஒண்ணுதான் சார். அத உங்க மூளைன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

சாரின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கவும் வழியில்லாமல் இருக்கவும் வழியில்லாமல் அப்படியே நின்றது. ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பாவம் ஜெரால்டுதான் கேட்டான். "அப்போ... கடைசி சீன் ஹேப்பி எண்டிங்தானா மேடம்? புதன்கிழமைதானா?"

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். செய்தித்தாள், பிளாஸ்திரி, வாடின பூ, எல்லாம் சொன்னேன். பிள்ளைகளின் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று.

"எல்லாத்தையும் புதன்கிழமையாத்தான் வச்சேன் தம்பி. வச்சது நான்தான். ஆனா காலண்டரையும் நான்தான் மாட்டினேன். மாட்டினவ சொல்றேன், கேட்டுக்கங்க. அந்த வீட்ல அன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதான். அவன் தப்பிக்கல."

எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று குறிக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

தனபால் அண்ணனிடமிருந்து இரண்டு வரி. 'ஆகஸ்ட் இல்லை. அன்றைக்கே உன்னை நான் வண்டி ஏற்றிவிட்டிருக்க வேண்டும்.' திரைக்கதையைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்டர்வெல் நன்றாக இருக்கிறது என்று பெரிய இயக்குநரே சொல்லிவிட்டார், வேறு யாரும் எடுக்காமலா போய்விடுவார்கள்? எடுக்காவிட்டாலும் போகிறது, அதில் என் பெயர் ஆவுடையம்மாள்.

சீரியலில் மாமியாருக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கன்னம் வீங்கியிருக்கிறது. கதையில் அறை வாங்கியதாக மாற்றிவிட்டோம்.

மத்தியானம் அக்கா போன். வீடியோ ஊர் வரைக்கும் போய்விட்டது. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"பஸ் பஞ்சராவலையா?"

"ஆவலக்கா."

"பத்து மணிக்கு நீ ஏறவே இல்லையா?"

"இல்ல."

அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இன்னொன்றும் அடித்தது. போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"பத்து வருசமா அந்த டிரைவரத் திட்டிக்கிட்டுக் கெடக்கேன்ட்டி" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "அப்பாவப் போல ஒரு டிரைவரு. ஒரு பாவமும் அறியாதவன்."

நானும் அழுதேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழம ஊருக்கு வா. அங்க இருந்துக்கிட்டு போன்ல ஒண்ணும் பேசாத. நேர்ல வந்து ஏங்கிட்ட அடிவாங்கிட்டுப் போ."

"வாரேன்க்கா."

"ஏறுனதுக்கப்புறம் போன் போடு. பஸ் சத்தம் எனக்குக் கேக்கணும்."

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

பழைய நோட்டில் காட்சி 88-ஐப் பிரித்தேன். காலண்டர் என்ற இடத்தில் '15 புதன்' என்பதை அடித்துவிட்டு '14 செவ்வாய்' என்று எழுதினேன். சரிபார்த்தவர்: வே. ஆவுடையம்மாள்.